ஒற்றைக் காதுக்கு மழை

என் வீட்டுக்காரருக்குக் கடைசியாகக் கோபம் வந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

நான் செய்து பார்க்காத வேலை இல்லை. காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாத்திப் போட்டுட்டியாட்ட இருக்குது" என்று சிரித்தார். மிச்சத்தையும் குடித்தார். செத்துப்போன மாமனாரைப் பற்றி அவர் காதுபட வாய்க்கு வந்தபடி பேசினேன். ஆமாம், அந்த மனுஷன் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். அவர் ஆசையாக வைத்திருந்த வண்டியை வேண்டுமென்றே கொண்டுபோய்ச் சுவரில் உரசினேன். வெளியே வந்து என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, அடி ஒன்றும் இல்லையே என்றார். முன்பெல்லாம் ரசத்தில் புளி கூடிவிட்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஆள் இவர். என் தனசேகரை யாரோ கொண்டுபோய்விட்டு, அவர் சட்டையை மாட்டி வேறு ஒருவரை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

எனக்கு அவருடைய கோபம் வேண்டியிருந்தது. சும்மா இல்லை, ஒரு காரியத்துக்காக. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஈரோட்டில் விசாரணை.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. பெண்கள் தறிக்குப் போவோம். ஆண்களில் பாதிப்பேர் சாய ஆலைக்குப் போவார்கள். வெளியே உலகம் எங்கேயோ போய்விட்டது. பஸ் தானாக ஓடுகிறது, ரேஷன் கடையில் எந்திரம் நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. எங்கள் பட்டறையில் மட்டும் அதே பழைய விசைத்தறி. பத்து மணி நேரம் அந்த இரைச்சலுக்கு நடுவில் நிற்க வேண்டும். உள்ளே கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரிகள் குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். பத்துத் தறி தள்ளி நிற்கிறவளிடம் நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசலாம். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே அவரைத் திட்டலாம். தனசேகரும் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் தறி ஓட்டியவர். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதே அந்த உதட்டுப் பேச்சில்தான். பிறகு பாய்லர் வேலை படித்துக்கொண்டு சாய ஆலைக்குப் போய்விட்டார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பாய்லர் வெடித்தது. ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவன் என் தம்பி கோகுல். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இவர் டீ குடிக்க வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில் நடந்ததால் இவர் பிழைத்தார்.

ஆவி மிஞ்சிப்போனால் தானாகத் திறந்துகொள்ள பாய்லரில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்குமாம். அது சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று இவர் மேனேஜருக்கு மூன்று கடிதம் கொடுத்திருந்தார். மூன்றும் காணாமல் போய்விட்டன. அப்படி எதுவுமே வரவில்லை என்று ஆலை சாதித்தது. தொழிலாளிகளின் கவனக்குறைவு என்று எழுதி, வழக்கை மூடப் பார்த்தார்கள். ஆக, இவர் வாய் ஒன்றுதான் மிச்சம்.

முதல் ஐந்து மாதம் இவர் மனுஷராகவே இல்லை. சாப்பாடு இறங்காது. சுவரில் தலையை முட்டிக்கொள்வார். மேனேஜரை வெட்டிப்போடுவேன் என்று கத்துவார். எங்கள் வக்கீல் ரேணுகாதேவி இதைப் பார்த்துவிட்டு, இந்தக் கோபத்தை அப்படியே விசாரணை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றார். எனக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்தது. என் தம்பிக்காகக் கொதிக்கிற ஒரு ஆள் வீட்டில் இருக்கிறார் என்று.

அப்புறம்தான் ஆலைக்காரர்கள் அமைதிக்கூடம் திறந்தார்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசம். ஆளுக்கு ஒரு ஜோடி செவிப்பூ கொடுத்தார்கள். காதுக்குள் செருகிக்கொள்ளும் சின்ன கருவி. செருகிக்கொண்டு கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார வேண்டும். மழை பெய்யும், ஆறு ஓடும், எங்கேயோ ஒரு பறவை கூப்பிடும், அடியில் மெல்லிசாக வீணை. கேட்கிறவர் மூளையைப் பார்த்துப் பார்த்து மழை தன்னை மாற்றிக்கொள்ளுமாம். நல்ல மழைதான், குறை சொல்லக் கூடாது. இடி கிடையாது, ஒழுகல் கிடையாது, காயப்போட்ட துணியை எடுக்க ஓட வேண்டியதில்லை.

நான்தான் இவரைக் கொண்டுபோய் விட்டேன். அதை மறைக்கவில்லை. பத்தாம் நாள் இவர் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினார். அன்றைக்கு நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய்கூட உடைத்தேன். இருபது அமர்வு முடிந்ததும் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். விபத்துக்கு ஆலை பொறுப்பில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன், கீழே கையெழுத்து. அன்றைக்கு ஷிப்டில் இருந்து பிழைத்த மற்ற மூன்று பேரும் சிரித்த முகமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இவர் போடாததற்கு ஒரே காரணம், நான் இவருடைய கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்ததுதான்.

ஒருநாள் காலையில் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். இவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வெசாரணையில என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா இருக்கறதச் சொல்லீர்றேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்ன இருக்குது, மேகலா? கோகுல் போயிட்டான். இந்தா, கடல தின்னு."

உள்ளங்கையில் நாலு பருப்பை வைத்து நீட்டினார். என் தம்பி பேரையும் கடலையையும் ஒரே குரலில் சொல்கிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அமைதிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவள் ஷைலஜா, சென்னைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். நான் போட்ட சத்தத்துக்கு வேறு யாராவது இருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தாள். நீங்களும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள் என்று என் காதில் செருகினாள். இருபது நிமிடம் மழை பெய்தது. எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் இது வேலை செய்யவில்லையாம். தலைமை ஆபீசுக்கு எழுதினால், கருவி பழுது என்று நினைத்து மூன்று தடவை புதுசு புதுசாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். கடைசியில் அவளே காது சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"இடது காதுக்கு ஒரு ஒலி, வலது காதுக்கு வேற ஒரு ஒலி போகுது மேடம். மூளை ரெண்டையும் சேர்த்து மூணாவதா ஒண்ண அதுவே உண்டாக்கிக்கும். மழையும் வீணையும் மேல பூசுன சர்க்கரை. அந்த மூணாவதுதான் மருந்து. உங்களுக்கு வலது காது இல்லவே இல்லையே."

தறிக்காரிகள் எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் பட்டறைகளில் இடது கைப்பக்கம் சுவர், வலது கைப்பக்கம் வரிசையாகத் தறி. இருபது வருஷத்தில் வலது காது செத்துவிடும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, கூப்பிடுகிறவர்கள் இடது பக்கமாக வந்து கூப்பிடுவார்கள். ஒரு ஊரில் பாதிப் பேருக்கு ஒற்றைக் காதுதான் இருக்கும் என்று மழை செய்கிறவர்களுக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஞாபகம் அப்படியே இருக்கும், அதை நினைத்தால் உடம்பு பதறாது, அவ்வளவுதான் என்றாள். அப்படியானால் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு, கோபத்தை மட்டும் விட்டுவைக்கிற மாதிரி இதைத் திருப்பிவைத்துத் தா என்றேன்.

"அப்படிப் பொறுக்கி எடுக்க முடியாது மேடம். எறக்குனா எல்லாமே எறங்கும். கோபம், துக்கம், பயம், வெட்கம், எல்லாம் ஒரே குழாய்ல வர்ற தண்ணி. திறந்தா எல்லாமே சேர்ந்துதான் வரும்."

அவள் நாலைந்து பெயர் சொன்னாள். எனக்கு முதல் ஒன்றுதான் காதில் விழுந்தது.

ஒரு பக்கத்து ஒலி மங்கிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.  அவள், "நான் எதுவும் சொல்லல மேடம்" என்று சொல்லிவிட்டுக் கருவிகளைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போது பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிப்பசையில் ஒரு விரல் எடுத்துத் தாளில் மடித்து வந்தேன். அமர்வுகள் முடிந்த பிறகும் இவர் தினமும் வீட்டில் மழை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இவர் குளிக்கப் போன நேரம், வலது செவிப்பூவின் வலையில் ஊசிமுனையால் தடவினேன். முழுக்க அடைக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். கட்டின புருஷனின் நிம்மதியில் பசை தடவுகிறோமே என்று கை கூசத்தான் செய்தது. தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு தடவி முடித்தேன்.

முதல் நாள், மழை ஒரு பக்கமாகப் பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார். காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்றேன். நாலாம் நாள் காப்பியை வாயில் வைத்தவர் டம்ளரை ணங்கென்று வைத்து, "என்ன எழவு இது, கழனித்தண்ணியாட்ட" என்றார். நான் சமையற்கட்டுக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன். ஏழாம் நாள் தட்டு பறந்தது. எட்டாம் நாள் தெருவில் பிளாஸ்டிக் கொளுத்தியவனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை. வக்கீலுக்கு உடனே போன் போட்டு, ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று சொன்னேன்.

ஆனால் அதோடு வேறு சிலதும் வந்திருந்தன. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தார். கோகுலின் மனைவி இந்துமதி வீட்டுக்கு வந்தால் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மன்றத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரே நாளில் நாலு தடவை என்னிடம் கேட்டார். நல்ல பிள்ளையாகப் பாடம் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. ஏழு குடும்பத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். மனைவி, அம்மா, அக்கா என்று ஒரு இருபது பேர், இரண்டு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் அன்றைக்குத் தறிக்கு லீவு சொன்னவர்கள். இந்துமதி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விசாரணை அதிகாரி ஒரு நடுவயது அம்மா. எதிர்ப்பக்கம் ஆலை வக்கீலும் மேனேஜரும்.

ரேணுகாதேவி எழுந்து, வால்வு சரியில்லை என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று இவரிடம் கேட்டார். இவர் மேனேஜரைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்து வழிந்தது. வெடிக்கப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஞாபகம் இல்லீங்க."

வக்கீல் கேள்வியை மாற்றிப் போட்டார். கடிதம் வேண்டாம், வாயால் சொன்னீர்களா? வால்வில் என்ன கோளாறு? அன்றைக்கு வால்வு எந்த நிலையில் இருந்தது? அந்தக் கடைசிக் கேள்விக்கு இவர் சாட்சிக் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் டீக்குடிக்கப் போயிருந்தேனுங்க."

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். தட்டச்சு செய்கிறவர் அந்த வரியை அடித்து முடித்தார். ரேணுகாதேவி திரும்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் தட்டைப் பறக்கவிடத் தெரிகிறது, இங்கே வாய் வரவில்லையா? எழுந்து நின்று கத்தத்தான் போனேன்.

அப்போது இவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குரல் இல்லை.

வால்வு தொறக்காம இருக்கக் கம்பி போட்டுக் கட்டினது நாந்தான் மேகலா. சாயம் ஏறி முடியற வரைக்கும் கட்டி வெய்யின்னு மேனேஜர் சொன்னான். மாட்டேன்னு சொல்லாமக் கட்டிட்டேன். கட்டிட்டு டீக்குடிக்கப் போயிட்டேன்.

தறிச்சத்தத்தில் பேசிய அதே உதடு. ஒரு சொல்கூடத் தப்பாமல் எனக்குப் புரிந்தது. ஐந்து மாதம் சுவரில் முட்டிக்கொண்டாரே, அது என் தம்பிக்காகக் கொதித்தது என்று நினைத்தேனே. கடலை உரித்துக்கொண்டிருந்த அந்த ஆளைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருந்தால், இதை அப்படியே சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார். கட்டச் சொன்னது யார், கட்டினது யார் என்று இரண்டையும் சொல்லியிருப்பார். எனக்குக் கோபம்தான் வேண்டும் என்று நான் குழாயைத் திறந்தேன். பயம் முதலில் வந்து நின்றுவிட்டது.

அடுத்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சொன்னால் இவர் ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் வழக்கு தோற்கும், அவ்வளவுதான். தோற்றுவிட்டுப் போகட்டும், நான் விழுங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்ததே மறந்துவிட்டது.

இந்துமதியின் கை என் கையிலிருந்து விலகியது.

திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கூண்டில் இருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுடையதும். அதற்கடுத்தவளுடையதும். இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்திருந்த இருபது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அந்த அறையில் அதைக் கேட்காமல் இருந்தவர்கள் அதிகாரி, இரண்டு வக்கீல்கள், மேனேஜர், தட்டச்சு செய்கிறவர், இவ்வளவு பேர்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்று ரேணுகாதேவி மெதுவாகச் சொன்னார். இந்துமதி எழுந்து நின்றாள். உட்காரும்மா என்றார் அதிகாரி. அவள் உட்காரவில்லை, குரலும் எழுப்பவில்லை. கூண்டைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கவாட்டில் இருந்தாலும் எனக்குத் தெரிந்தது.

சத்தமாச் சொல்லுங்கண்ணா.

அவளுக்கு அடுத்தவளும் எழுந்து நின்றாள். பின்பெஞ்சில் ஒரு கிழவி, மகனைப் பறிகொடுத்தவள், முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்ன நடக்கிறது என்று புரியாமல் மேனேஜர் அங்கும் இங்கும் பார்த்தார். இவர் மறுபடி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல என் உதடு குவிந்தது. சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அதற்குள் இவர் அதிகாரி பக்கம் திரும்பிவிட்டார்.

"அம்மா, நான் இப்பச் சொன்னது பொய்ங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவாக வேண்டும், இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்றார். ஆலை வக்கீல் எழுந்து ஏதோ தடுத்துப் பார்த்தார், அதிகாரி அவரைக் கையமர்த்தினார். இவர் நடுங்கிக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தறிக்குள் கண்ணை மூடினால் யார் பேசுவதும் கேட்காது. இங்கே என் இடது காது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தது.